மூன்று காய்களும் முதுகுன்றமும்

விருத்தாசலத்திற்குப் பீங்கான் நகரம் என்றொரு பெயருண்டு. மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த இப்பழம்பதியில் பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழில் நுட்பத்தைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இருக்கின்றன. ஆனால் இவ்வூரின் பழைய பெயர் முதுகுன்றம். விருத்தம் என்றால் முதுமை. அசலம் என்றால் மலை. ஊரின் பெயரிலேயே முதுமை குடிகொண்டிருக்கிறது.

சென்ற ஆண்டு அவ்வூரில் தம் மகனோடு வாழ்ந்துவரும் என் உஸ்தாதைக் காணச் சென்றிருந்தேன். அன்னாருக்கு வயது எண்பத்து மூன்று. எங்களுக்கு ஹதீஸ் கலை ஓதிக்கொடுத்த பெருந்தகை. ஸலாம் சொல்லி அமர்ந்ததும் அவர் தலைமாட்டிலிருந்து வண்ணத்தாள் ஒட்டிய டப்பா ஒன்றை எடுத்து என் கையில் தந்தார்.

"மவ்லவி, இதில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லுங்கள். என் கண்ணுக்கு எழுத்துத் தெரியவில்லை" என்றார்.

படித்தேன். நோய் எதிர்ப்பாற்றல் பன்மடங்கு பெருகும், தேய்ந்த உறுப்புகள் புதுப்பிக்கப்படும், வயது பின்னோக்கிச் செல்லும் என்றெல்லாம் எழுதியிருந்தது. ஒரு மாத ஓய்வூதியத்தை அதற்குக் கொடுத்திருக்கிறார். கீழே பொடி எழுத்தில் இருந்த சரக்குகளைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வருத்தமும் ஒருங்கே வந்தன. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய். இம்மூன்றுமே அதில் பெரும்பங்கு.

"ஹஸ்ரத், இது நம் இத்ரீபல்" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வயது பின்னோக்கிப் போகுமா?" என்று கேட்டார். இதை விற்றவன் மற்ற மருந்துகள் இனித் தேவையில்லை என்று சொன்னதால், பத்து நாட்களாகச் சர்க்கரை நோய்க்கான மாத்திரையையும் நிறுத்திவிட்டார் என்று அவர் மகன் என்னிடம் மெல்லச் சொன்னார். இரு நாட்களுக்கு முன் ஒளுச் செய்யும் இடத்தில் தலைசுற்றி விழுந்தும் இருக்கிறார்.

அன்று மாலையே அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மாத்திரை மீண்டும் தொடங்கப்பட்டது. ஆயினும் அவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. அதற்கு விடை தேடப் புகுந்தபோது, அந்த மூன்று காய்களின் வரலாறு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு விரிந்தது.

பிணி அணுகாத வழி

நோய் எதிர்ப்பாற்றல் என்பது புதிய சொல். முன்னோர் இதனை வேறு பெயரால் வழங்கினர். அரபு மருத்துவர்கள் "ஹிப்ளுஸ் ஸிஹ்ஹத்", அதாவது உடல்நலம் பேணல் என்றனர். தமிழ்ச் சித்த மருத்துவர்கள் பிணியணுகா விதி என்றனர். வந்த நோயைத் தீர்ப்பது மருத்துவத்தின் ஒரு பாதி. வாராமல் காப்பது மறு பாதி என்பதில் இரு சாராரும் ஒன்றுபட்டே நின்றனர்.

தமிழகத்தில் நெல்லிக்கனியை நினைத்தால் அதியமானும் ஒளவையாரும் நினைவுக்கு வருவர். நெடுநாள் வாழவைக்கும் என்று நம்பப்பட்ட அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஒளவையாருக்கு ஈந்தான் அதியமான். புறநானூறு போற்றும் கொடை இது. ஆயுளை நீட்டும் பொருள் கைக்கு வந்தபோது அதைப் பிறருக்கு அளித்ததையே தமிழர் புகழாகப் பாடினர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பின்னர் வந்த சித்தர்கள் உடலை உறுதிப்படுத்தும் மருந்துகளுக்குக் காயகற்பம் என்று பெயரிட்டனர். காலையில் இஞ்சி, நண்பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய் என்று ஒரு மண்டலம் உண்ணும் முறை இன்றும் சிற்றூர்ப் பாட்டிமார் வரை அறிந்த ஒன்று. சுக்கின் மேல்தோலும் கடுக்காயின் உள்விதையும் ஆகா என்று கழித்துவிட்டே பயன்படுத்துவர். சித்தர் வரிசையில் இராமதேவர் என்பவர் மக்கா நகர் சென்று யாக்கோபு என்னும் பெயர் பூண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. யாக்கோபுச் சித்தர் பெயரால் மருத்துவ நூல்கள் வழங்குகின்றன. அச்செய்தியின் உண்மை எதுவாயினும், அரபு நாட்டு மருத்துவத்துக்கும் தமிழ் மருத்துவத்துக்கும் இடையே ஒரு பாலம் இருந்ததைத் தமிழ் மக்கள் உணர்ந்திருந்தனர் என்பதற்கு அது சான்று.

பக்தாதுக்குப் போன காய்கள்

அப்பாலம் வெறும் கற்பனையன்று. அப்பாஸியக் கலீபா ஹாரூன் ரஷீத் கி.பி. 786 முதல் 809 வரை ஆட்சி செலுத்தினார். அவருடைய அமைச்சர் யஹ்யா இப்னு காலித் அல் பர்மகீ இந்திய மருத்துவத்தில் பேரார்வம் கொண்டவர். மன்கா என்னும் இந்திய மருத்துவர் பக்தாதுக்கு வந்து, யஹ்யாவின் ஆணைப்படி, மருத்துவமனையின் பயன்பாட்டுக்காகச் சுசுருதரின் நூலை மொழிபெயர்த்துத் தந்தார். இதனை இப்னு நதீம் தம் "பிஹ்ரிஸ்த்" நூலில் பதிவு செய்துள்ளார். ஏறத்தாழ 850ஆம் ஆண்டில் அலீ இப்னு ரப்பான் தபரீ எழுதிய "பிர்தவ்ஸுல் ஹிக்மா" என்னும் பெருநூலின் இறுதிப் பகுதி முழுவதும் இந்திய மருத்துவத்தைப் பற்றியதே. கற்றது எங்கிருந்து என்பதை மறைக்காமல் சரகர், சுசுருதர் ஆகியோரைப் பெயர் சுட்டி எழுதினார் அவர்.

இவ்வழியே நம் காய்களும் அரபு மொழிக்குள் நுழைந்தன. வடமொழியில் ஹரீதகீ எனப்படும் கடுக்காய், பாரசீகத்தின் ஊடே சென்று ஹலீலஜ் ஆயிற்று. ஆமலகம் எனப்படும் நெல்லி அம்லஜ் ஆயிற்று. விபீதகம் எனப்படும் தான்றி பலீலஜ் ஆயிற்று. மூன்றும் சேர்ந்த திரிபலா, இத்ரீபல் என்று அரபு உருக்கொண்டது. கடுக்காயில் ஒருவகை காபூல் வழியாக வணிகர் கைக்கு வந்தமையால் "காபூலி" என்று பெயர் பெற்றது. இன்றைய தாவரவியலார் கடுக்காய்க்கு இட்டிருக்கும் பெயரின் பிற்பகுதியான "செபுலா" என்பதும் அந்தக் காபூலின் திரிபேயாகும்.

பெயர் மட்டும் மாறவில்லை, பக்குவமும் மாறிற்று. நம் நாட்டில் சூரணமாக உண்டதை, யூனானி ஹக்கீம்கள் பாதாம் எண்ணெயிலோ நெய்யிலோ பிசிறி, தேனில் கலந்து, லேகியம் போல் ஆக்கினர். வறண்ட துவர்ப்புப் பொருள் குடலை இறுக்காதிருக்கவே இந்த ஏற்பாடு. கொத்துமல்லி சேர்த்தது இத்ரீபல் கிஷ்னீஸி. இன்னும் பல சேர்மானங்களோடு இத்ரீபல் ஒரு தனிக் குடும்பமாகவே பெருகியது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் யூனானி மருத்துவர்களோடு அது இந்தியாவுக்குத் திரும்பி வந்தபோது, தாய்வீட்டில் அதனை யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஒரே கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடையில் திரிபலா சூரணமும் யூனானி மருந்தகத்தில் இத்ரீபலும் விற்கின்றன. வாங்குவோர் இரண்டையும் வேறுவேறு சமயத்தாரின் மருந்தென்று எண்ணிக் கொள்கின்றனர்!

அங்கிருந்து வந்த வேர்

போனதைச் சொன்னால் வந்ததையும் சொல்ல வேண்டுமன்றோ? 2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது, தமிழகத்தில் கபசுரக் குடிநீர் அருந்தாத வீடு அரிது. அரசே அதனை மக்களுக்கு வழங்கியது. பள்ளிவாசல் வாயில்களிலும் கோயில் வாயில்களிலும் தொண்டர்கள் அண்டாக்களில் காய்ச்சிக் கொடுத்தனர்.

அக்குடிநீரில் பதினைந்து சரக்குகள். சுக்கு, திப்பிலி, இலவங்கம், ஆடாதோடை, நிலவேம்பு, சீந்தில், கோரைக்கிழங்கு முதலியவற்றோடு கடுக்காய்த் தோலும் அக்கரகாரமும் அதில் உள்ளன. இந்த அக்கரகாரம் எங்கே விளைவது? வட ஆப்பிரிக்க மண்ணில், அரபிகள் மக்ரிப் என்றழைக்கும் மேற்குத் திசையில். நாவில் வைத்தால் சுருக்கென்று மரத்துப்போகச் செய்யும் வேர் அது. "ஆகிர்கர்ஹா" என்னும் அரபுப் பெயரே நம் மொழியில் அக்கரகாரமாயிற்று. கடுக்காய் பக்தாதுக்குப் போயிற்று. அக்கரகாரம் தமிழ்நாட்டுக்கு வந்தது. இரண்டும் ஒரே சட்டியில் கொதித்து, எல்லாச் சமயத்தார் தொண்டையிலும் இறங்கின. இது யாருடைய மருந்து என்று பிரித்துப் பேசுவோர் இந்த ஒரு குவளைக் குடிநீரைச் சிந்தித்தால் போதும்.

முதுமைக்கு இப்னு ஸீனா வகுத்த நெறி

சரி, இம்மருந்துகள் முதுமையைத் தடுக்கும் என்று பழைய ஆசான்கள் சொன்னார்களா? அரபு மருத்துவத்தின் தலைமகனாகிய இப்னு ஸீனா, ஏறத்தாழ 1025ஆம் ஆண்டில் நிறைவு செய்த "அல் கானூன்" நூலில் முதியோரைப் பேணுவதற்கென்றே தனிப்பகுதி எழுதியுள்ளார். மதரஸாவில் ஓதிய காலத்தில் மருத்துவத்துக்காக அன்றி, அரபு நடைக்காக அந்நூலின் சில பக்கங்களைப் புரட்டியவன் நான். இப்போது பொருளுக்காகப் படித்தேன்.

முதியோர் உடல் குளிர்ச்சியும் வறட்சியும் உடையது என்பது அவர் காலத்துக் கொள்கை. ஆகவே அதற்கு வெம்மையும் ஈரமும் ஊட்ட வேண்டும் என்கிறார். எவ்வாறு? எண்ணெயிட்டு மென்மையாகப் பிடித்துவிடுதல், இளஞ்சூட்டு நீராடல், நல்ல உறக்கம். உணவை ஒரேயடியாக உண்ணாமல், செரிக்கும் ஆற்றலுக்கேற்பச் சிறுகச் சிறுகப் பகுத்து உண்ணல். மலச்சிக்கல் வாராதபடி அத்திப்பழம் போன்றவற்றை உண்ணல். உடல் தாங்கும் அளவுக்கு நடை. சர்க்கரைப் பாகிலிட்ட இஞ்சி முதியோர்க்கு இசைந்தது என்கிறார். அதையும் உடலுக்கு வெம்மை தரும் அளவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்.

அனைத்தையும்விட முக்கியமானது அவர் அந்நூலில் வேறோர் இடத்தில் சொல்லும் எச்சரிக்கை. உடல்நலம் பேணும் கலை, மரணத்திலிருந்து காப்பதாக உறுதி தராது. ஒவ்வோர் உடலையும் மனிதனுக்குரிய மிக நீண்ட ஆயுளுக்குக் கொண்டு சேர்ப்பதாகவும் உறுதி தராது. உடல் காலத்துக்கு முன்பே கெட்டுப்போகாமல் காப்பது மட்டுமே அதன் பணி என்பது அவர் கருத்து. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், மருத்துவத்தின் எல்லையை மருத்துவரே இவ்வளவு நேர்மையாக வரைந்து காட்டியிருக்கிறார். டப்பாவில் எழுதியவனுக்கு இந்த நாணம் இல்லாமற் போயிற்று.

யூனானி மருத்துவம் வாழ்வுக்கு இன்றியமையாத ஆறு காரணிகளைக் கூறும். காற்று, உணவும் பானமும், உடலின் இயக்கமும் ஓய்வும், உள்ளத்தின் இயக்கமும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், கழிப்பனவும் காப்பனவும். இவ்வாறில் எங்கும் லேகியம் இல்லை. இவை சீர்ப்பட்ட பின்னரே மருந்துக்கு இடம்.

சுல்தான் விழுங்கிய மாத்திரை

இந்த அளவை மீறினால் நேர்வது என்ன என்பதற்கு நம் தமிழ் மண்ணிலேயே ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. 1340களில் மஅபர் எனப்பட்ட நம் கரைக்கு வந்தவர் உலகம் சுற்றிய இப்னு பதூதா. அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீன் அவருக்கு உறவினர் முறையானவர். யோகி ஒருவர் அந்தச் சுல்தானுக்கு இளமையின் வேகம் தரும் மாத்திரைகளைச் செய்து கொடுத்தார் என்றும், அதில் இரும்புத்தூள் கலந்திருந்ததாகச் சொல்லப்பட்டது என்றும், அதன் பயனில் மகிழ்ந்த சுல்தான் தேவைக்கு மேல் அதை விழுங்கி நோயுற்றார் என்றும் இப்னு பதூதா எழுதுகிறார். அதன்பின் அவர் நெடுநாள் வாழவில்லை. அந்நாட்களில் மதுரையில் கொள்ளைநோயும் பரவியிருந்தது.

இங்கே யோகியைக் குறை சொல்வதா, சுல்தானைக் குறை சொல்வதா? மருந்தை அளவறிந்து தருதல் ஒருவர் கடன். அளவறிந்து உண்ணுதல் மற்றவர் கடன். அரசனாயினும் அளவை மீறினால் உடல் மன்னிப்பதில்லை.

ஆராய்ந்து கொள்ளுதல்

நாட்டு மருத்துவத்தை முற்றிலும் தள்ளுவதும் கண்மூடி ஏற்பதும் ஆகிய இரு கோடிகளுக்கும் இடையே ஒரு நடுவழி உண்டு. அவ்வழியைச் சென்னை மாகாணத்தில் தொடங்கி வைத்தோருள் ஒரு முஸ்லிம் பெருமகனும் இருந்தார் என்பது நாம் மறந்துவிட்ட செய்தி. 1921ஆம் ஆண்டில் சென்னை அரசு உள்நாட்டு மருத்துவ முறைகளை ஆராயக் குழு ஒன்றை அமைத்தது. அதன் தலைவர் முஹம்மது உஸ்மான். செயலாளர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி. பின்னாளில் 1934ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும் விளங்கியவர் உஸ்மான். சித்தம், ஆயுர்வேதம், யூனானி ஆகிய மூன்றிலும் வல்லவர்களிடம் வினாக்கள் விடுத்து, அவரவர் விடைகளைத் திரட்டி, 1923ஆம் ஆண்டில் அக்குழு அறிக்கை அளித்தது. மறு ஆண்டே சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. மூன்று முறைகளும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கப்பட்டன. பிற்காலத்தில் 1964ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், 1979ஆம் ஆண்டில் சென்னையில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரியும், 2005ஆம் ஆண்டில் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அமைந்தன. முறையாகக் கற்றுப் பதிவு பெற்ற மருத்துவர்கள் இருக்கும்போது டப்பாவின் மேல் எழுதியதை நம்ப வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

இன்றைய ஆய்வு என்ன சொல்கிறது? நெல்லியில் வைட்டமின் சி மிகுதி. மூன்று காய்களிலும் துவர்ப்புச் சத்துகள் உண்டு. அவை செல்களைக் காக்கும் தன்மை உடையவை என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. மலச்சிக்கலுக்கு இவை உதவுவதும் பலர் அறிந்ததே. ஆனால் மனிதரின் ஆயுளை இவை நீட்டும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை.

மேலும், நோய் எதிர்ப்பாற்றல் என்பது ஏற்ற ஏற்ற நன்மை தரும் பொருளன்று. அது ஊர்க்காவல் போன்றது. காவலர் உறங்கினால் கள்வன் நுழைவான். காவலருக்கு வெறி பிடித்தால் வீட்டுக்காரனையே அடிப்பார். உடலின் எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்கும் நோய்கள் பல உள்ளன. 2021ஆம் ஆண்டில் மும்பை மருத்துவர்கள், பெருந்தொற்றுக் காலத்தில் சீந்தில் உட்கொண்டவர்களுள் ஆறு பேருக்கு ஈரல் பாதிப்பு நேர்ந்ததை எடுத்துரைத்தனர். ஆயுஷ் அமைச்சகம் இதனை ஏற்கவில்லை. சீந்திலோடு அதன் இனத்தைச் சேர்ந்த வேறொரு கொடி மயங்கியிருக்கலாம் என்றது. எவர் கூற்று சரியாயினும் நமக்குரிய பாடம் ஒன்றே. சரக்கின் இனம் அறியாமலும், உண்பவரின் நோய் அறியாமலும் மாதக்கணக்கில் உண்ணுதல் ஆகாது. சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து உண்போர், மருத்துவரிடம் சொல்லாமல் ஒன்றை நிறுத்துவதும் மற்றொன்றைச் சேர்ப்பதும் பெருந்தவறு.

சாடியின் செய்தி

சில வாரங்கள் கழித்து உஸ்தாதை மீண்டும் காணச் சென்றபோது, கடைத்தெருவில் மூடியோடு கூடிய பீங்கான் சாடி ஒன்று வாங்கிக்கொண்டேன். பீங்கான் என்னும் சொல்லே ஒரு பயணி. பாரசீகத்தில் பின்கான் என்பர். அரபியர் அதனையே பின்ஜான் ஆக்கிக் கோப்பைக்குப் பெயராக வைத்தனர். ஹக்கீம்கள் லேகியச் சாடியை மர்த்தபான் என்பர். அது பர்மாவின் மர்த்தபான் துறைமுகத்தின் பெயர். இஞ்சியும் மிளகும் மாங்காயும் உப்பிலிட்டு நிரப்பிய மர்த்தபான் சாடிகளைத் தமக்கு அன்பளிப்பாகத் தந்ததை இப்னு பதூதாவும் குறித்திருக்கிறார்.

சாடி வாங்கியதற்குக் காரணம் உண்டு. நெல்லி புளிப்புடையது. செம்பு, பித்தளையில் வைத்தால் களிம்பேறும். காரீயம் கலந்த மெருகு பூசிக் குறைந்த சூட்டில் சுட்ட மண்கலத்தில் வைத்தால், புளிப்பு அந்த ஈயத்தை மெல்லக் கரைத்து மருந்தோடு சேர்க்கும். 1200 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் வெந்து, ஈயமற்ற மெருகு ஏறிய பீங்கானுக்கு இக்குறை இல்லை. நெருப்பைத் தாங்கி வெந்த மண்ணே மருந்தைக் கெடாமல் காக்கிறது. அதுவும் கெடாமல் காக்குமேயன்றி, உள்ளிருப்பதைப் புதிதாக்காது.

உஸ்தாத் தெளிவாக இருந்தார். சர்க்கரை கட்டுக்குள் வந்திருந்தது. யூனானிக் கல்லூரியில் பயின்ற மருத்துவர் ஒருவரைக் கேட்டு, அவர் குறித்துக் கொடுத்த அளவில், சர்க்கரையும் தேனும் சேராத திரிபலா சூரணத்தைச் சாடியில் இட்டு அவர்முன் வைத்தேன்.

"என் கேள்விக்கு விடை கொண்டு வந்தீரா?" என்றார்.

"ஹஸ்ரத், தாங்கள் எங்களுக்கு ஓதிக்கொடுத்த ஹதீஸிலேயே விடை இருந்தது" என்றேன்.

நாட்டுப்புற அரபிகள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, நாங்கள் மருந்து செய்துகொள்ளலாமா என்று கேட்டனர். செய்துகொள்ளுங்கள் என்றார்கள் நபியவர்கள். இறைவன் எந்த நோயையும் அதற்குரிய நிவாரணமின்றி வைக்கவில்லை, ஒன்றைத் தவிர, அது முதுமை என்றார்கள். திர்மிதீ, அபூதாவூத் ஆகிய தொகுப்புகளில் இது வருகிறது. முதுமைக்கு அங்கே ஆளப்பட்ட அரபுச் சொல் "ஹரம்". மெலிந்த ஹாவால் எழுதப்படும் அச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு: எகிப்தில் நிற்கும் கற்கோபுரம். முதுமையும் மலைபோன்ற கல்லும் அரபியில் ஒரே சொல்லில் அமைந்திருப்பதைப் போலவே, முதுகுன்றத்திலும் அவை ஒரே பெயரில் அமைந்திருக்கின்றன.

இதைக் கேட்டு உஸ்தாத் நெடுநேரம் புன்னகைத்தார். "ஓதிக் கொடுத்தவனுக்கே ஓதிக் காட்ட வேண்டியதாயிற்று. அந்த டப்பாவை வாங்கும்போது ஹதீஸ் நினைவில் இருந்தது, மவ்லவி. ஆனால் ஆசையும் இருந்தது" என்றார்.

பிறகு சாடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "என் வாப்பா வீட்டு மணம்" என்று சொல்லி, மூடியைக் கவனமாகப் பொருத்திவிட்டு, அஸருக்கு ஒளுச் செய்யச் சுவரைப் பிடித்தபடி மெல்ல எழுந்தார்.